அரிசி மண்டியில் பச்சைக் கயிறு

அறந்தாங்கிக் கடைத்தெருவில் ஓர் அரிசி மண்டி. மூட்டை நிறுக்கிற மேடைத் தராசின் மேல் ஓர் அட்டைப்பெட்டி. அதைச் சுற்றிச் சாரணச் சீருடையில் இருபது பிள்ளைகளாவது இருப்பார்கள். பிள்ளைகளைச் சுற்றி ஒரு குடும்பம், பாதித் தெரு, இரண்டு ஆடுகள். வாசலில் வேன் நின்றது. வேன் டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுப்பதாக இல்லை.

அந்த நேரத்தில் பஞ்சாட்சரம் சார் மொபெட்டில் வந்து இறங்கினார். எங்கள் வட்டாரச் சாரணர் சங்கத்தின் செயலாளர். உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டையில் பதக்கங்கள், கழுத்தில் விசில், கக்கத்தில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத பொன்னாடை. வேர்த்து விறுவிறுத்து வந்தவர் என்னைப் பார்த்து முதலில் கேட்டது இதுதான்:

"டீச்சர், மைக் எங்கிட்டு இருக்கு?"

"இது மண்டி சார். மைக்கெல்லாம் கிடையாது. தராசுதான் இருக்கு."

அவர் தராசைப் பார்த்தார். தராசு முப்பத்திரண்டு கிலோ காட்டியது. பெட்டிக்குச் சொந்தக்காரரான சலீம் பாய் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். விமானத்தில் முப்பதுக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். கருவாட்டை எடுப்பதா, இடியப்ப மாவை எடுப்பதா என்று அவருக்கும் அவர் மனைவிக்கும் வழக்கு நடந்துகொண்டிருந்தது.

ஒரு சாரணர் சங்கத்தின் ஆண்டு விழா இப்படித்தான் தொடங்குமா என்று கேட்பீர்கள். தொடங்கக் கூடாதுதான். ஏன் தொடங்கியது என்பதைச் சொல்லிவிட்டு மண்டிக்குத் திரும்பி வருகிறேன். பெட்டி அதுவரை தராசிலேயே இருக்கட்டும்.

புளியங்கொட்டை ஓட்டு

இந்தத் தொடரைப் படிக்கிற பழைய மாணவி ஒருத்தி போன வாரம் பஸ்ஸில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "மங்கை டீச்சர், முப்பது வருஷம் சயின்ஸ் எடுத்தீங்க. அதப் பத்தி ஒரு வரிகூட எழுத மாட்டேங்கிறீங்களே" என்றாள். ஒளிச்சேர்க்கையைப் பற்றி நான் நினைவுக் குறிப்பு எழுதினால் பத்திரிகை ஆசிரியர் என்னை வெயிலில் நிறுத்திவிடுவார். எனக்கு நினைவிருப்பதெல்லாம் பள்ளிக்கூடம் விட்ட பிறகு நடந்தவைதான். அதில் பாதி, சாரணப் பிள்ளைகளோடு கழிந்த காலம். நான் பெண் பிள்ளைகளுக்குப் பொறுப்பு. பஞ்சாட்சரம் சார் பையன்களுக்கும் சங்கத்துக்கும் பொறுப்பு.

எங்கள் சங்கத்தில் பச்சைக் கயிறு என்று ஒரு மரியாதை உண்டு. வருஷத்துக்கு மூன்று பேருக்கு. தோளிலிருந்து நெஞ்சுப் பக்கமாகத் தொங்கும் ஒரு பின்னல் கயிறு. கடையில் வாங்கினால் ஒரு தோசை விலைதான் இருக்கும். அதற்காகப் பிள்ளைகள் உயிரை விடுவார்கள். காரணம், அதை ஆசிரியர்கள் கொடுப்பதில்லை. பிள்ளைகளே தங்களுக்குள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். எனக்கு ஓட்டு கிடையாது, சாருக்கும் கிடையாது. மார்க் வாங்குகிறவனும் டீச்சருக்குக் குடை பிடிக்கிறவளும் அங்கே செல்லுபடியாக மாட்டார்கள்.

ஓட்டுக்குப் புளியங்கொட்டை. பிடித்தவர் பெயர் ஒட்டிய டின்னில் போட வேண்டும். முதலில் வேர்க்கடலைதான் வைத்திருந்தோம். ஒரு வருஷம் எண்ணிப் பார்த்தால் பதிவான ஓட்டு பாதிகூட இல்லை. மீதி ஓட்டைத் தின்றுவிட்டார்கள். அதிலிருந்துதான் புளியங்கொட்டை.

முகாமின் கடைசி நாள் மத்தியானம் ஓட்டு. அன்று சாயங்காலமே முடிவு. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார்கள். போன வருஷம் கயிறு வாங்கிய ஒருவர் வட்டத்துக்கு வெளியே முதுகுப் பக்கமாக மெல்ல நடந்து வருவார். யார் பின்னால் நிற்கிறாரோ அவர் கழுத்தில் கயிறு விழும். காலடிச் சத்தம் நம் பின்னால் வந்து, கொஞ்சம் தயங்கி, தாண்டிப் போகும்போது பிள்ளைகள் விடுகிற மூச்சைக் கேட்க வேண்டும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். அன்றைக்கு எண்ணி அன்றைக்கே சொல்வதில்தான் அதன் ருசி இருந்தது.

விருந்தினர் வந்த கதை

சூடான கஞ்சியை ஆற வைத்தது ஒரு நல்ல மனிதர். சோலையப்பன் ஐயா. திருமயம் பக்கத்தில் பூர்வீகம், சென்னையில் வியாபாரம். எங்கள் முகாமுக்குக் கூடாரங்கள் வாங்கிக் கொடுத்தவர். ஒரு வருஷம் ஊர்க் கோயிலுக்கு வந்தவர் வழியில் முகாமை எட்டிப் பார்த்தார். கயிறு போடுகிற நேரம். தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தார், கைதட்டினார், போய்விட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் பஞ்சாட்சரம் சாருக்கு அன்றிரவு தூக்கம் போய்விட்டது. இவ்வளவு பெரிய மனிதரைத் தரையில் உட்கார வைத்துவிட்டோமே என்று புலம்பினார். அடுத்த வருஷத்திலிருந்து முடிவை முகாமில் சொல்வதில்லை என்று தீர்மானம் போட்டார். தனியாக விழா, மேடை, நாற்காலிக்குத் துணி உறை, ஐயா கையால் அறிவிப்பு. அதுவரை ரகசியம்.

விருந்தினர் விஷயத்தில் சாருக்கு ஏற்கெனவே ஒரு சூடு உண்டு. சாரணர்கள் இடது கையால்தான் கைகுலுக்குவார்கள். உலகம் முழுக்க அப்படித்தான். இது தெரியாத ஓர் உள்ளூர்ப் பிரமுகர் மேடையேறினார். வரிசையில் நின்ற முதல் பையன் இடது கையை நீட்டினான். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். இரண்டாவது பையனும் இடது கை. மூன்றாவதும். "எல்லாரும் பேசி வச்சுக்கிட்டு அவமானப்படுத்துறீங்களா?" என்று கேட்டுவிட்டு காரில் ஏறிப் போய்விட்டார். ஆளை வைத்து ஒரு மாதம் சமாதானப்படுத்தினோம். அதிலிருந்து சோலையப்பன் ஐயாவைத் தவிர வேறு விருந்தினரைச் சார் நம்புவதில்லை.

ஆக, அந்த வருஷம் வல்லத்திராக்கோட்டை முகாமில் புளியங்கொட்டை எண்ணியவர்கள் நாங்கள் இருவர்தான். எண்ணி முடித்ததும் சார் மூன்று விரலை உயர்த்திச் சாரண உறுதிமொழி எடுத்தார். என்னையும் எடுக்க வைத்தார். விழா மேடையில் ஐயா சொல்லும் வரை மூச்சு விட மாட்டோம் என்று.

சுபாஷ், கோமதி, ரிஸ்வானா. இந்த மூவர்தான்.

முதல் இருவரும் எதிர்பார்த்தவர்கள். ரிஸ்வானாவை நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு ஓட்டு இருந்திருந்தால் அவளுக்குப் போட்டிருக்கவும் மாட்டேன். பத்தாம் வகுப்பு. வாய் ஓயாது. சாம்பாரில் உப்பு இல்லை என்று தலைமைச் சமையல்காரரிடமே வாதம் செய்வாள். கூடாரத்துக்கு முளை அடிக்கும்போதுகூடப் பேசிக்கொண்டேதான் அடிப்பாள். இவளுக்கு எப்படி இவ்வளவு கொட்டை விழுந்தது என்று புரியாமல், ஒரு சின்னப் பெண்ணிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். "ரிஸ்வானாக்கா பக்கத்துல படுத்தா பயமா இருக்காது டீச்சர். தூக்கம் வார வரைக்கும் பேசிக்கிட்டே இருக்கும்" என்றது அந்தக் குழந்தை. முப்பது வருஷம் வகுப்பில் "பேசாதே" என்று சொல்லியே காலம் தள்ளியவளுக்கு அந்தப் பதில் கொஞ்சம் உறைத்தது.

ஊர் வாய்

விழா வருகிற ஞாயிறு என்றார் சார். அந்த ஞாயிறு போனது. ஐயா ஊரில் இல்லை என்றார். அப்புறம் ஆடி பிறந்தது. ஆடியில் விழா வைப்பதா என்றார். "சார், கயிறுதான் போடுறோம், தாலியா கட்டுறோம்?" என்று கேட்டேன். அவர் காதில் விழவில்லை. ஆடி முடிந்தால் பரீட்சை. பரீட்சை முடிந்தால் பிளக்ஸ் தகராறு. பிளக்ஸில் யார் படம் மேலே, யார் படம் கீழே என்று நிர்வாகக் குழு கூடி மூன்று முறை டீ குடித்துக் கலைந்தது. கயிறு வாங்கப் போகும் பிள்ளைகளின் படத்துக்கு அதில் இடம் ஒதுக்கியிருந்தார்களா என்று கேட்டேன். அவர்கள்தான் ரகசியமாயிற்றே என்று பதில் வந்தது.

இதற்கிடையில் நான் பட்ட பாடு தனி. மீன்காரம்மா கொசுறு போட்டுவிட்டு, "எங்க அக்கா பேரனுக்கு உண்டா டீச்சர்?" என்று கேட்டார். பக்கத்து வீட்டிலிருந்து முறுக்கு வந்தது. முறுக்கைத் தின்றேன், வாயைத் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு நாள் தோசை சுட்டுக் கொடுத்து, "நம்ம ரெண்டு பேருக்குள்ள என்ன ரகசியம்?" என்று ஆரம்பித்தார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் அடுப்படிக்கு வந்ததே அன்றுதான்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. உண்மை கிடைக்காத ஊர், தானே ஒன்றைச் சமைத்துக்கொண்டது. தினேஷுக்குத்தான் கயிறு என்று ஒரு வதந்தி கிளம்பியது. தினேஷ் நல்ல பையன். ஓட்டில் ஐந்தாவது இடம். அவனுடைய மாமா கறம்பக்குடியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். வதந்தி அறந்தாங்கியிலிருந்து பஸ் ஏறி அவரிடம் போய்ச் சேர்ந்ததும் மனிதர் பொங்கிவிட்டார். கறம்பக்குடிக் கடைவீதியில் பத்தடிக்குப் பிளக்ஸ். 'பச்சைக் கயிறு வென்ற எங்கள் பாயும் புலியே, பார் போற்ற வாழ்க.' ஒரு பக்கம் மாமா படம், இன்னொரு பக்கம் நிஜப் புலி, நடுவில் தினேஷ் பாஸ்போர்ட் சைஸில்.

தினேஷ் என்னிடம் ஓடி வந்தான். முகம் வெளிறிப் போயிருந்தது.

"டீச்சர், எனக்குக் கெடச்சிருச்சா?"

"தெரியாதுப்பா. விழாவுல சொல்லுவாங்க."

"கெடைக்கலைன்னா இப்பயே சொல்லிருங்க டீச்சர். மாமா கறி விருந்துக்கு ஆடு பாத்துக்கிட்டு இருக்காரு. நான் கறம்பக்குடிப் பக்கமே போக முடியாது."

மூன்று விரலை உயர்த்தி எடுத்த உறுதிமொழி குறுக்கே நின்றது. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பிள்ளைகளைப் பெருமைப்படுத்த வந்த கயிறு இப்போது ஒரு பிள்ளையின் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தது. சாரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் நிதானமாக, "ஆட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்க டீச்சர். அடுத்த ஞாயிறு நிச்சயம்" என்றார்.

சலீம் பாய் கேட்டது

அந்த வாரம்தான் சலீம் பாய் என் வீட்டுக்கு வந்தார். ரிஸ்வானாவின் அப்பா. கல்ஃபில் ஏசி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருவார். அறந்தாங்கியில் இப்படி வருகிறவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர். வரும்போது பெட்டி, போகும்போது பெட்டி. போகிற பெட்டிகளுக்குக் கயிறு கட்டுவது எங்கள் சாரணப் பிள்ளைகள்தான். தினம் ஒரு நற்செயல் செய்ய வேண்டும் என்பது சாரண விதி. எங்கள் ஊரில் அந்த நற்செயல் பெரும்பாலும் இதுதான். எங்கள் பிள்ளைகள் போட்ட முடிச்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எந்த ஏர்போர்ட்டிலும் அவிழ்க்க முடியாது என்று ஊரில் பேச்சு.

காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், வர்ற சனிக்கெழம எனக்கு ஃப்ளைட்டு. கயிறு எப்ப சொல்லுவீங்க?"

"ஞாயித்துக்கெழமைன்னு சொல்லியிருக்காங்க பாய்."

அவர் தலையாட்டினார். "ஒரு நாள் முன்னாடி வைக்க முடியாதா?" என்றார்.

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"இவ ஒண்ணாங்கிளாஸ் படிக்கையில டான்ஸ் ஆடுனா. நான் அங்கிட்டு இருந்தேன். அஞ்சாப்புல பேச்சுப் போட்டியில கப்பு வாங்குனா. அப்பவும் அங்கிட்டுதான். ஒரு விழாவுக்கும் இருந்ததில்ல டீச்சர். இந்தத் தடவ லீவுல அமையுதுன்னு நெனச்சேன். தள்ளிப் போயிக்கிட்டே இருக்கு."

"அவளுக்குக் கெடச்சா தகவல் சொல்லச் சொல்றேன் பாய்" என்றேன், என் நாக்கை நானே கடித்துக்கொண்டு.

"எனக்கு ரகசியமாச் சொல்ல வேணாம். கெடைக்கலைன்னாலும் ஒண்ணுமில்ல, யாருக்குக் கெடைக்குதோ அந்தப் பிள்ளைக்குக் கைதட்டுறேன். சபையில சொல்லணும், நான் அங்க நிக்கணும். அவ்வளவுதான்."

காபி ஆறிப்போயிருந்தது. ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். கதவைச் சாத்திவிட்டு நான் அழுதேன். அழுது முடித்ததும் வழக்கம்போல எனக்குக் கோபம்தான் மிஞ்சியது.

ஒரு போன்

சோலையப்பன் ஐயாவிடம் நேரே பேசக் கூடாது என்பது எங்கள் சங்கத்தில் எழுதாத சட்டம். சார் திருமயத்தில் இருக்கும் ஐயாவின் மேனேஜரிடம் பேசுவார். மேனேஜர் ஐயாவிடம் பேசுவார். கோயில் கர்ப்பகிரகத்துக்குள் யாரும் நுழைவதில்லையே, அந்த மாதிரி.

சனிக்கிழமை காலையில் நான் நுழைந்துவிட்டேன். ஐயாவின் சொந்தக்காரப் பெண் ஒருத்தி எங்கள் பள்ளியில் படித்தாள். அவள் அம்மாவிடம் நம்பர் வாங்கினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"யாரு, அறந்தாங்கி மங்கை டீச்சரா? சொல்லுங்க, சொல்லுங்க."

"ஐயா, பச்சைக் கயிறு விழாவுக்கு நீங்க தேதி குடுக்கணும்."

"நான் குடுக்கணுமா? நீங்க சொல்லுவீங்கன்னுல்ல நான் காத்துக்கிட்டு இருக்கேன்? மேனேஜரைக் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். செயலாளர் இன்னும் சொல்லலைங்கிறாரு."

எனக்குக் கொஞ்சம் தலை சுற்றியது. "ஐயா, செயலாளர் கேட்டா, ஐயா இன்னும் சொல்லலைன்னுல்ல மேனேஜர் சொல்றாரு?"

ஐயா மெதுவாகக் கேட்டார்: "அப்ப அந்த மேனேஜர் இத்தன நாளா என்னதான் பண்ணிக்கிட்டு இருந்தாரு?"

"ரெண்டு பக்கமும் உண்மையச் சொல்லிக்கிட்டு இருந்திருக்காருங்க."

ஐயா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சலீம் பாய் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"டீச்சர், பந்தியில எலையப் போட்டுட்டு ஒரு ஆளுக்காக ஊரையே உக்கார வைப்பாங்களா? பிள்ளைகளுக்கு இன்னைக்கே பரிமாறிருங்க. நான் என்னைக்கு வந்தாலும் கடைசிப் பந்தியில உக்காந்துக்கிறேன்."

சாமி வரம் கொடுத்துவிட்டார். இனி பூசாரி. பஞ்சாட்சரம் சாருக்குப் போன் போட்டேன். ஐயாவிடமே பேசிவிட்டேன் என்றதும் அவருக்குக் குரல் கம்மியது. அதிலிருந்து மீண்டு, "இன்னைக்கு அஷ்டமி டீச்சர்" என்றார்.

"ஏரோப்ளேனுக்கு அஷ்டமி தெரியாது சார். நாலு மணிக்கு வேன் கெளம்புது."

"மேடை?"

"பிள்ளைக எல்லாரும் மண்டியில சலீம் பாய்க்குப் பெட்டி கட்டிக்கிட்டு இருக்காங்க. அங்க வாங்க."

"கயித்த பீரோவுல வச்சுப் பூட்டியிருக்கேன். சாவி என் வீட்டுக்காரிகிட்ட. அவ புதுக்கோட்டையில கல்யாணத்துக்குப் போயிருக்கா."

"வாங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன்.

அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்தப் பிள்ளைகளுக்காகத் தன் ஓய்வுக் காலம் முழுவதையும் வெயிலில் காய வைத்தவர். அவர்கள் பெரிய மேடையில் ஏற வேண்டும், பெரிய மனிதர் கையால் வாங்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆசையில் குறை இல்லை. அவர் மேடை கட்டி முடிப்பதற்குள் பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுவார்கள் என்பதுதான் என் கட்சி.

தராசைச் சுற்றி

இப்போது மண்டிக்கு வாருங்கள். கருவாடு தோற்றது, இடியப்ப மாவு ஜெயித்தது. ரிஸ்வானா பெட்டியின் மேல் ஒரு முழங்காலை ஊன்றிக் கயிற்றை இழுத்துக்கொண்டே, தன் அத்தாவுக்கு அந்த முடிச்சின் பெயர், பயன், அவிழ்க்கும் முறை எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருந்தாள். என்ன நடக்கப் போகிறது என்று அவளுக்குத் தெரியாது.

"கயிறு இல்லாம எப்படி டீச்சர்?" என்று சார் என் காதில் கிசுகிசுத்தார்.

நான் பெட்டி கட்டி மிச்சமிருந்த நைலான் கயிற்றைக் காட்டினேன். நல்ல மஞ்சள்.

சார் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "மஞ்சக் கயிறா? போட்டுவிடப் போறது நம்ம முருகேசன். பையன். ஒரு பையன், ஒரு பொண்ணு கழுத்துல, நட்ட நடுக் கடைத்தெருவுல, மஞ்சக் கயிறு. நீங்களும் நானும் இன்னைக்கே ஊரக் காலி பண்ணிரணும் டீச்சர்."

அது எனக்குத் தோன்றவே இல்லை. முருகேசன் போன வருஷம் கயிறு வாங்கிய பிளஸ் டூ பையன். தனக்கு வரவிருந்த ஆபத்து தெரியாமல் சாக்கு ஊசியால் பல் குத்திக்கொண்டிருந்தான்.

டிரைவர் மறுபடியும் ஹாரன் அடித்தார். பச்சையாக ஏதாவது கிடைக்குமா என்று எல்லாரும் மண்டிக்குள் துழாவினோம். மண்டிக்காரர் ஒரு கொத்து கறிவேப்பிலையை நீட்டினார். அப்போதுதான் என் கண் சாரின் கக்கத்துக்குப் போனது. என் கண் போன இடத்தைச் சாரும் பார்த்தார். ஐயாவுக்கென்று புதுக்கோட்டையில் போய் வாங்கி வைத்திருந்த பொன்னாடை. அரக்குப் பச்சை, ஓரத்தில் சரிகை.

"வேணாம் டீச்சர்" என்றார்.

அவர் சலீம் பாயைப் பார்த்தார். பாய் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியை வேனில் ஏற்ற இரண்டு பேர் குனிந்தார்கள்.

சார் பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தார். மண்டிக்காரரிடம் கத்தி வாங்கினார். பொன்னாடை இல்லாமல் ஒரு சங்கக் கூட்டம்கூட நடத்தியிராத மனிதர், அந்தப் பொன்னாடையை நீளவாக்கில் மூன்று கீற்றாகக் கிழித்தார். கிழிகிற சத்தத்தில் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது.

பிறகு விசிலை ஊதினார். பிள்ளைகளுக்கு அந்த விசில் போதும். தராசைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். ரிஸ்வானா பெட்டியிலிருந்து குதித்து, பாதிப் பேச்சில் வாயை மூடி, தினேஷ் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன நடக்கிறது என்று பாய் என்னைப் பார்த்தார். நான் கண்ணால் வட்டத்தைக் காட்டினேன்.

"ரெண்டே வார்த்தை பேசிக்கிறேன்" என்று சார் ஆரம்பித்தார். சாரண இயக்கத்தின் தோற்றத்திலிருந்து தொடங்கினார். நான் அவர் காலை மிதித்தேன். "ஆகவே" என்று முடித்துக்கொண்டார்.

மூன்று கீற்றையும் முருகேசன் கையில் கொடுத்து, மூன்று பேரையும் அவன் காதில் சொன்னேன். அவன் நடந்தான். சுபாஷுக்குப் பின்னால் நின்றான். கோமதிக்குப் பின்னால் நின்றான். ஒவ்வொரு முறையும் சார் பேரேடு மைதானத்துக் குரலில் பேரைச் சொன்னார். எதிர்ச் சாரியில் இருந்த ஜவுளிக்கடைக்காரர் வெளியே வந்து பார்க்குமளவுக்கு. பிறகு முருகேசன் நடந்துகொண்டே இருந்தான். தினேஷுக்குப் பின்னால் வந்து, தயங்கி, தாண்டினான். தினேஷிடமிருந்து ஒரு பெருமூச்சு கிளம்பியது. அது ஏமாற்றமில்லை. கறம்பக்குடி ஆட்டுக்கும் சேர்த்து அவன் விட்ட மூச்சு அது.

முருகேசன் அடுத்த ஆளின் பின்னால் நின்றான்.

"ரிஸ்வானா" என்றார் பஞ்சாட்சரம் சார்.

அவள் கண்ணைத் திறந்து, கழுத்தில் கிடந்த சரிகைத் துணியைத் தொட்டுப் பார்த்தாள். வாய் திறந்தது, ஒரு வார்த்தையும் வரவில்லை. நான் அவளைப் பார்த்த நாளிலிருந்து அது நடந்ததே இல்லை. பிள்ளைகள் தட்டினார்கள், மூட்டை தூக்குகிறவர்கள் தட்டினார்கள், டிரைவர் இறங்கி வந்து தட்டினார். தினேஷ்தான் எல்லாரிலும் பலமாகத் தட்டினான்.

நான் சலீம் பாய் பக்கம் திரும்பினேன். அவர் தட்டவில்லை.

இரண்டு கையாலும் போனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். பத்தடி தூரத்தில் நிற்கும் மகளை விட்டுவிட்டு, கையளவு திரையில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியுது, தெரியுது. நல்லா தெரியுது" என்று அவர் வாய் முணுமுணுத்தது. அத்தனை வருஷமும் ராத்திரி ராத்திரி அங்கிருந்து சொல்லிப் பழகிய வார்த்தை போலிருக்கிறது.

அவர் மனைவி பாத்திமா அருகில் போய் அந்தப் போனை வாங்கினார்.

"இங்க குடுங்க. அவ இங்கிட்டுதான் நிக்கிறா."

போன் போன பிறகும் அந்த இரண்டு கையும் கொஞ்ச நேரம் அப்படியே காற்றில் நின்றன. பிறகு அவர் மகளைப் பார்த்தார். தட்ட ஆரம்பித்தார். எல்லாரும் தட்டி ஓய்ந்துவிட்டார்கள், அவர் நிறுத்தவில்லை. கண்ணீர் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கக் கை ஓயவில்லை. கடைத்தெருவில் ஒரு மனிதர் தனியாகக் கைதட்டிக்கொண்டு நின்றார். அவரை நிறுத்த எங்கள் யாருக்கும் மனசு வரவில்லை.

ரிஸ்வானாவுக்குத்தான் முதலில் பேச்சுத் திரும்பியது.

"போதும் அத்தா, ஃப்ளைட்டு போயிரும்" என்றாள்.